கண்ணுக்காக அம்மாவின் நினைவைப் பணயம் வைக்கிறோமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அம்பாறைப் பக்கம் திருக்கோவில் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 76 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. இரவில் நித்திரைக் குளிசை ஒன்று போடுகிறார். ஒரு வருடமாகச் சின்னச் சின்ன மறதி. அடுத்த மாதம் இடது கண்ணில் புரை எடுக்கத் திகதி கிடைத்திருக்கிறது. போன வருடம் இதே சத்திரசிகிச்சை செய்த பெரியம்மா மூன்று இரவு புலம்பினார், கண்ணில் ஒட்டியிருந்த மூடியைப் பிடுங்கினார், அதற்குப் பிறகுதான் மறதி கூடியது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே நீங்கள் கட்டாரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்: எந்த மயக்க ஊசி மூளைக்குக் கெடுதல் இல்லாதது, முழு மயக்கம் நல்லதா அரை மயக்கம் நல்லதா, பேசாமல் ஒப்பரேசனையே நிறுத்திவிடலாமா? தம்பி, இந்த மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே பயம்தான். கண்ணைத் திருத்தப்போய் அம்மாவையே தொலைத்துவிடுவோமோ என்ற பயம்.

நான் கண் வைத்தியன் இல்லை. மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியன். மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலும் சத்திரசிகிச்சைத் தியேட்டர்களில் கழித்த வருடங்கள் இருபத்தைந்துக்கு மேல், இப்போது ஓய்வு. அம்மாவைப் பார்க்காமல், அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டாமல் இன்ன மருந்துதான் கொடுக்கவேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது, அப்படிச் சொல்கிறவரை நீங்கள் நம்பவும் கூடாது. ஆனால் பொதுவாகச் சொல்லக்கூடியது நிறைய உண்டு. முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த ஊசி என்பதைவிட, ஊசி தேவையா, தேவையென்றால் எவ்வளவு குறைவாக என்பதுதான் பெரிய விஷயம். பலருக்கு அது தேவைப்படுவதே இல்லை.

நம்முடைய ஆட்கள் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு காரியங்களைப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலாவது விறைப்பு. கண்ணை மட்டும் விறைக்கச் செய்வது. துளி மருந்து விட்டே செய்யலாம், அல்லது கண்ணைச் சுற்றி ஊசி போட்டுச் செய்யலாம், அல்லது கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் மழுங்கிய குழாயால் மருந்தைச் செலுத்தலாம். இதில் போகிற லிக்னோகெயின், பியூபிவகெயின் எல்லாம் பல்லுப் பிடுங்கும்போது போடுகிற மருந்தின் இனம்தான். சரியான இடத்தில் சரியான அளவில் நின்றால் மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணுக்குப் பின்னால் ஆழமாகப் போடும் பழைய முறையில், மருந்து பார்வை நரம்பின் உறை வழியாக மூளைத்தண்டுவரை போய் மூச்சே நின்றுவிடும் விபத்து அபூர்வமாக நடந்திருக்கிறது. ஆழமான ஊசியைப் பல இடங்களில் கைவிட்டு மழுங்கிய குழாய்க்கும் துளி மருந்துக்கும் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, பதற்றத்தைத் தணிக்கக் கையின் இரத்த நாளத்தில் போடும் மருந்து. ஆள் விழித்திருப்பார், கூப்பிட்டால் பதில் சொல்வார், ஆனால் ‘என்னவோ நடக்கட்டும்’ என்ற நிலையில் கிடப்பார். நீங்கள் அரை மயக்கம் என்று எழுதியது இதைத்தான். மூன்றாவது முழு மயக்கம். தொண்டையில் குழாய், மூச்சுக்கு இயந்திரம். புரை எடுக்கும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் பத்து, இருபது நிமிட வேலை. துளி மருந்தோ விறைப்பு ஊசியோ போட்டு, பக்கத்தில் ஒரு தாதி மிஸ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால், கனபேர் வேறெதுவும் இல்லாமல் முடித்துவிட்டு எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. பிடித்த அந்தக் கை நல்ல மருந்து. அசௌகரியம் ஏதும் வந்தால் அந்தக் கையை அழுத்திக் காட்டச் சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

அப்படியென்றால் ஏன் ஊசி போடுகிறார்கள்? சிலருக்கு உண்மையிலேயே பயம். முகத்தைத் துணியால் மூடிவிட்டால் மூச்சு முட்டுகிறது என்பார்கள். சிலருக்கு விறைப்பு ஊசி குத்தும் அந்த அரை நிமிடம்தான் பிரச்சினை. இன்னும் சில இடங்களில், ஒளிக்காமல் சொன்னால், வழக்கமாகப் போடுகிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

என்னுடைய பிழை ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், எழுபத்தைந்து வயது கடந்த ஒரு கடற்றொழிலாளி மேசையில் கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண் வைத்தியர் ‘கொஞ்சம் அடக்குங்கள்’ என்றார். நான் மிடாசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து 2 மில்லிகிராம் போட்டேன். இளம் ஆளுக்கு அது சின்ன அளவு. அவருக்கோ அது நிதானத்தை மட்டும் கழற்றிவிட்டது. எங்கே இருக்கிறோம் என்ற நினைவு போய், முகத்தில் கிடந்த துணியை இழுத்து, எழும்பி உட்காரப் பார்த்தார். கண்ணில் வெட்டு வைக்கவில்லை என்பதால் தப்பினோம். பிறகுதான் தெரிந்தது, மனிதருக்கு முட்டி முட்டிச் சிறுநீர் நின்றிருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் காலை ஆட்டியிருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு போத்தல், நான் கொடுத்தது ஒரு ஊசி. அதன்பின் அமைதியில்லாத எந்த முதியவரையும் ‘சலம் போகவேண்டுமா, முதுகு நோகிறதா, மூச்சு எடுக்கக் கஷ்டமா’ என்று மூன்றும் கேட்காமல் ஊசியைத் தொட்டதில்லை.

இனி மருந்துகளுக்கு வருவோம். மிடாசோலம், டயசிபாம், லொராசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். முதியவர்களில் இந்தக் குடும்பத்தை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் நெடுநாளாகச் சொல்கிறது. அந்தப் பட்டியல் பெரும்பாலும் தினமும் போடும் குளிசைகளை மனதில் வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு முறை போடும் அரை மில்லிகிராம் மிடாசோலமும், மாதக்கணக்கில் போடும் குளிசையும் ஒன்றல்ல. ஆனால் குடும்பத்துக்குள் டயசிபாம் முதியவருக்கு மோசமானது. இருபது வயதில் அதன் பாதி உடம்பை விட்டுப் போக ஏறத்தாழ 20 மணி நேரம் எடுக்கும். எண்பது வயதில் அது 90 மணிக்குக் கிட்டப் போகிறது. மனதில் வைக்க லேசான கணக்கு: வயது எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு மணி. காலையில் ‘பயம் தெளிய’ என்று கொடுத்த குளிசை மூன்றாம் நாளும் உள்ளே உலாவிக்கொண்டிருக்கும். மிடாசோலம் அதைவிட வேகமாகப் போய்விடும், ஆனால் வயதானால் அதுவும் நீளும், ஈரல் பழுதென்றால் இன்னும் நீளும். அதனால் அரை மில்லிகிராம் போட்டுவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்து, தேவையென்றால் இன்னும் கொஞ்சம். அந்தப் பொறுமைதான் பிசகுகிற இடம், ஏனென்றால் வெளியே வாங்கில் இன்னும் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

புரப்போபோல் வேறு இனம். பால் போல வெள்ளை, கையில் ஏறும்போது எரியும், சில நிமிடத்தில் தெளிந்துவிடும். விறைப்பு ஊசி குத்தும் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் சிறிதளவு போட்டு, சத்திரசிகிச்சை தொடங்குமுன் ஆளை விழிக்கவிடுவது நல்ல உத்தி. ஆனால் கொஞ்சம் கூடினால் மூச்சு அடங்கும், பிரஷர் இறங்கும், ஆகவே மயக்க மருந்து வைத்தியர் பக்கத்தில் இருந்தால்தான். டெக்ஸ்மெடெட்டோமிடின் என்று ஒன்று இருக்கிறது. மூச்சை அதிகம் அடக்காது, நித்திரை போன்ற அமைதி தரும். இதுதான் மூளைக்குக் காவல் என்று சிலர் எழுதுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளில் குழப்பத்தைக் குறைத்ததாகச் சில ஆய்வுகள் உண்டு, பெரிய இருதயச் சத்திரசிகிச்சைகளில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. பதினைந்து நிமிடப் புரைக்கு அதைத் தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை செய்யத் தொடங்கவே பத்து நிமிடம் எடுக்கும், இருதயத் துடிப்பையும் பிரஷரையும் கீழே இழுக்கும், அம்மா மேசையை விட்டு இறங்கிய பிறகும் தூங்கிக்கொண்டிருப்பார். கெட்டமின் என்ற மயக்க மருந்தைப் பற்றி 2017-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 60 வயது தாண்டிய 672 பேரில், அது குழப்பத்தைக் குறைக்கவில்லை, கெட்ட கனவையும் மாயத் தோற்றத்தையும் கூட்டியது என்று காட்டியது. வயதானவரின் புரைக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

முழு மயக்கம் எப்போது? படுத்து அசையாமல் இருக்கவே முடியாதவர், நிற்காத இருமல்காரர், தலை நடுக்கம் கடுமையானவர், சொன்னது விளங்காத அளவுக்கு மறதி நோய் முற்றியவர். இவர்களுக்கு ‘அரை மயக்கம் பாதுகாப்பு’ என்று நினைத்து ஊசிக்கு மேல் ஊசியாக ஏற்றுவதைவிட, ஒழுங்கான முழு மயக்கமே மேல். முகம் துணிக்குள், மூச்சுக்குழாய் நம் கையில் இல்லை, ஆளோ ஆழ்ந்த தூக்கம்: என் தொழிலில் நான் பயப்படுகிற நிலை இதுதான். உங்கள் அம்மா நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த வகையில் சேரமாட்டார்.

சரி, பெரியம்மாவுக்கு என்ன நடந்தது? நீங்கள் சொன்ன விவரப்படி அது திடீர்க் குழப்பம். மருத்துவத்தில் டெலிரியம் என்பது. மறதி நோய் மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். இது ஒரு இரவில் வரும், பொழுது சாய்ந்தால் கூடும், விடிந்தால் கொஞ்சம் தெளியும், கவனம் ஒரு இடத்தில் நிற்காது. காலையில் வந்த மகனிடம் ஒழுங்காகக் கதைத்தவர் இரவு ‘ஆட்டுக்குட்டியை ஆர் அவிழ்த்துவிட்டது’ என்று கேட்பார். கண் சத்திரசிகிச்சைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. முன்பு புரை எடுத்தால் இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்கவிடாமல் நாட்கணக்கில் படுக்கவைப்பார்கள். அவர்களில் பலர் புலம்பினார்கள். 1958-இல் அமெரிக்க மருத்துவர் இருவர் அதைக் கறுப்புக் கட்டுக் குழப்பம் என்றே பெயரிட்டு எழுதினார்கள். கண்ணை மூடி, இடத்தை மாற்றி, அசையவும் விடாவிட்டால் வயதான மூளை தானே காட்சிகளைச் செய்துகொள்ளும், அதற்கு ஊசியே தேவையில்லை என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

இப்போது ஒரு கண்ணை, அதுவும் ஒரு இரவுதான் மூடுகிறார்கள். ஆனால் மற்றக் கண்ணிலும் புரை முற்றியிருந்தால் அந்த ஒரு மூடியே இரண்டு கண்ணையும் கட்டியதற்குச் சமம். பெரியம்மா பிடுங்கியது மூடியை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? அம்மாவுக்கு வலது கண் பார்வை எப்படி என்று முதலில் கேட்டறியுங்கள். அதுவும் மங்கலென்றால், ஒளி புகும் பிளாஸ்டிக் மூடி போடமுடியுமா என்று கண் வைத்தியரிடம் இப்போதே கேட்டுவைக்கலாம்.

ஊசிமேல் பழியைப் போட்டுவிட்டு நாம் பார்க்கத் தவறும் குற்றவாளிகள் வேறு பலர். கண்ணில் விடும் சில துளி மருந்துகளே குழப்பத்தைத் தரும். கண்மணியை விரிக்கும் அற்றோப்பின், சைக்கிளோபென்டொலேற் போன்றவை கண்ணிலிருந்து மூக்குக்குள் வடிந்து இரத்தத்தில் ஏறும். வாய் உலரும், சலம் அடைக்கும், புத்தி தடுமாறும். துளி விட்டதும் கண்ணின் மூக்குப் பக்க ஓரத்தை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திப் பிடித்தால் வடிவது குறையும், ஆனால் ஒப்பரேசன் செய்த கண்ணில் கைவைக்கும் முன் கண் வைத்தியரைக் கேளுங்கள். கண் அமுக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைட் குளிசை, டயமொக்ஸ் என்று சொல்வார்கள், சில முதியவரைச் சோர்வாக்கிக் குழப்பிவிடும். சிறுநீரகம் பழுதென்றால் இன்னும் அதிகம். சளிக்கும் தோல் அரிப்புக்கும் நாம் சாதாரணமாக வாங்கிப் போடும் பிரிட்டன் (குளோர்பெனிரமின்) குளிசையும் இதே வேலையைச் செய்யும். சீனி வருத்தக்காரரின் கால் எரிவுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அந்த வகைதான்.

அப்புறம் பட்டினி. திருக்கோவிலில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு வந்து, சீனிக் குளிசையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு, மதியம்வரை வாங்கில் இருக்கும் அம்மாக்களை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். அவர் புலம்பினால் அது ஊசியல்ல, சீனி இறங்கியது. துளி மருந்தில் மட்டும் செய்யும் புரைக்குப் பல இடங்களில் பட்டினியே கேட்பதில்லை. ஊசி போடுவதாக இருந்தால் திண்ம உணவுக்கு 6 மணி, வெறும் தண்ணிக்கு 2 மணி என்பது பொது வழக்கம். எது அம்மாவுக்குப் பொருந்தும், அன்றைக்கு எந்தக் குளிசையை நிறுத்தவேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். தண்ணி குடிக்காமல் போன உடம்பு, மலச்சிக்கல், சலக்கடுப்பு, தெரியாத ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு இரவு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகல் எல்லாம் சேர்ந்தால் எழுபது தாண்டிய மூளைக்கு அது போதும். குடிப்பழக்கம் உள்ள ஐயாமாரில் இன்னொன்று: தினமும் போடுகிறவர் ஆஸ்பத்திரியில் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கத்தோடு புலம்பல் வரும். அதை வெட்கத்தில் மறைத்துவிட்டு மயக்க ஊசியைத் திட்டும் வீடுகள் உண்டு.

மொழியையும் சொல்லவேண்டும். நம்முடைய பக்கத்தில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு கிழவி, சிங்களம் மட்டும் தெரிந்த தாதி, நடுவில் இரவு. ‘இன்றைக்கு என்ன திகதி’ என்று கேட்டு, பதில் வராவிட்டால் ‘குழப்பம்’ என்று எழுதிவிடுவார்கள். இது யாருடைய குற்றமும் இல்லை, ஆனால் பிழையான கேள்வி. நம்முடைய அம்மாக்களுக்கு இங்கிலிஷ் திகதி என்றைக்குத்தான் தெரிந்தது? பௌர்ணமிப் போயா எப்போது, கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முஸ்லிம் மூத்தம்மா என்றால் நோன்புக்கு எத்தனை மாதம் என்று கேளுங்கள். அதைவிட நல்லது கவனத்தைச் சோதிப்பது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி. தெளிவான ஆள் யோசித்து யோசித்தாவது முடிப்பார். குழம்பியவர் நடுவில் வழி தவறிவிடுவார்.

பார்வை குறைந்தவருக்கு இன்னொரு விஷயமும் நடக்கும். புத்தி முழுத் தெளிவாக இருக்கும், ஆனால் முற்றத்தில் பூப்போட்ட சட்டையோடு சின்னப் பிள்ளைகள் நிற்பதாகத் தெரியும். அது உண்மையில்லை என்பதும் அவருக்கே தெரியும். சார்ல்ஸ் பொனே நிலை என்று பெயர். கண் அனுப்பாத படத்தை மூளை தானே வரைந்துகொள்கிறது. பேய் பிடித்ததென்று மந்திரிக்கவும் வேண்டாம், மறதி நோயென்று முத்திரை குத்தவும் வேண்டாம்.

இனி நீங்கள் உண்மையாகப் பயப்படும் இடம்: நிரந்தர மறதி. 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பல நாட்டு ஆய்வு ஒன்றுதான் இந்தப் பேச்சைப் பெரிதாக்கியது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,218 பேர், இருதயம் தவிர்ந்த பெரிய சத்திரசிகிச்சைகள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதமானோரின் நினைவுச் சோதனைப் புள்ளிகள் இறங்கியிருந்தன. மூன்று மாதத்தில் 9.9 சதவீதம். சத்திரசிகிச்சை செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் அதே அளவு 3.4, 2.8. பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைகள் எல்லாம் உள்ள இந்த இலக்கங்களைத் தூக்கிக்கொண்டு வந்து புரைக்குப் பொருத்துகிறார்கள், அது நியாயமில்லை. அதே ஆய்வுக் குழு சிறு சத்திரசிகிச்சைகளை 2003-இல் தனியாகப் பார்த்தது: 372 பேர், ஒரு வாரத்தில் 6.8 சதவீதம். அதிலும் எனக்குப் பிடித்த விவரம், ஆஸ்பத்திரியில் தங்கியவர்களில் 9.8, அன்றே வீட்டுக்குப் போனவர்களில் 3.5. தங்கியவர்கள் கொஞ்சம் கூடுதல் நோயாளிகளாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் சொந்தக் கட்டிலில் படுப்பதன் பெறுமதியை நான் கண்ணால் கண்டவன், அந்த இலக்கம் எனக்கு வியப்பில்லை.

முழு மயக்கம்தான் நினைவைத் தின்கிறது, விறைப்பு ஊசி தப்பவைக்கும் என்று நாங்கள் படித்த காலத்தில் எல்லோரும் நம்பினோம். 2003-இல் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது மூன்று மாதத்தில் 14.3 சதவீதமும் 13.9 சதவீதமும் வந்தது, வித்தியாசமே இல்லை. இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் 2021-இல் வந்த பெரிய ஆய்விலும் முதுகு ஊசிக்காரருக்கும் முழு மயக்கக்காரருக்கும் குழப்பம் ஏறத்தாழ ஒரே அளவு. டென்மார்க் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், பெரிய சத்திரசிகிச்சை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பிற்காலத்தில் சிந்தனைத் திறனில் இருந்த வேறுபாடு மிக அற்பம். மயக்க வாயுக்கள் அல்சைமர் என்ற மறதி நோயோடு தொடர்புள்ள புரதத்தைத் திரளச் செய்வதாகச் சோதனைக் குழாயிலும் எலியிலும் காட்டியிருக்கிறார்கள், மனிதரில் அது உறுதிப்படவில்லை. இன்னும் சண்டை நடக்கிற இடம் ஒன்று உண்டு: திடீர்க் குழப்பம் வந்தவர்களில் பிறகு மறதி நோய் கூடுதலாக வருகிறது. அது உறுதி. ஆனால் குழப்பம் மறதியைக் கொண்டுவருகிறதா, அல்லது ஏற்கெனவே உள்ளே தொடங்கியிருந்த மறதிதான் குழப்பமாக முதல் முறை எட்டிப்பார்க்கிறதா என்பதில் வல்லுநர்களிடையே ஒற்றுமை இல்லை. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன்.

தராசின் மறுதட்டையும் பார்க்கவேண்டும். 2022-இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயது தாண்டிய, கண்ணில் புரையோ அமுக்க நோயோ (குளுக்கோமா) இருந்த 3,038 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. புரை எடுத்தவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம், எடுக்காதவர்களைவிட 29 சதவீதம் குறைவு. கண் அமுக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் அந்த நன்மை இல்லை. அங்கே பார்வை திரும்புவதில்லை அல்லவா. ஒப்பரேசனுக்குப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே கொஞ்சம் திடமானவர்கள் என்ற குறுக்கு இதில் இருக்கலாம், ஆகவே புரை எடுத்தால் மறதி வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2024-இல் அதே லான்செட் இதழ் அமைத்த வல்லுநர் ஆணைக்குழு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவை மறதி நோயின் தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. கண் தெரியாமல் மூலையில் குந்தியிருக்கும் அம்மா பத்திரிகை பார்ப்பதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, பேரப்பிள்ளையின் முகம் தெரியாமல் வீடியோ கோலில் ‘ம், ம்’ என்று மட்டும் சொல்கிறார். விழுந்து இடுப்பு முறிந்தால் பிறகு வருகிற மயக்கமும் ஆஸ்பத்திரி வாசமும் இந்தப் பதினைந்து நிமிடத்தைப் போல எத்தனை மடங்கு.

‘அதற்குப் பிறகுதான் மறதி கூடியது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். புரை ஒரு நல்ல திரை. கறிக்குச் சீனியைக் கொட்டினால் ‘பாவம், கண் தெரியவில்லை’ என்போம். மருமகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டால் ‘முகம் தெரியவில்லை’ என்போம். புரை போன பிறகும் சீனி கறிக்குள் போனால்தான் திடுக்கிடுவோம். அதுவரை கண்ணின் கணக்கில் எழுதிய மறதி அன்றைக்குப் புத்தியின் கணக்குக்கு மாறும். பெரியம்மாவில் நடந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இதை நான் பல வீடுகளில் பார்த்தேன்.

உங்கள் அம்மாவுக்கு நான் செய்வதென்றால் இப்படி நினைப்பேன். ஒரு வருட மறதி என்பதால் முதலில் கிளினிக்கில் அவருடைய நினைவைச் சோதித்து எழுதி வைப்பேன்; பின்னால் யாரும் ‘முன்பு எப்படி இருந்தார்’ என்று தடவவேண்டியதில்லை. நித்திரைக் குளிசையைத் திடீரென நிறுத்தவிடமாட்டேன். வருடக்கணக்கில் போட்டதை ஒரே நாளில் விட்டால் அதுவே பதற்றமும் குழப்பமும் தரும். ஆனால் அவர் அதைப் போடுகிறார் என்பது மயக்க மருந்து வைத்தியருக்குக் கட்டாயம் தெரியவேண்டும், ஏனென்றால் அதன்மேல் போடும் ஊசி இரட்டிப்பாகும். குளிசைப் பெட்டியை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள், நாட்டு மருந்து, அரிஷ்டப் போத்தலோடு. பிறகு கண் வைத்தியரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘அம்மா அசையாமல் படுப்பார், விறைப்போடு மட்டும் செய்து பார்க்கலாமா, தேவைப்பட்டால் மட்டும் சின்ன அளவு கொடுக்கலாமா?’ பெரும்பாலான வைத்தியர்களுக்கு அப்படிக் கேட்பவர்களைக் கண்டால் சந்தோஷம்தான். அம்மாவை வீட்டில் முகத்தில் மெல்லிய துணி போட்டு இருபது நிமிடம் மல்லாந்து படுக்கப் பழக்குங்கள், ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். விளையாட்டுப் போலத் தோன்றும், ஆனால் யாருக்கு ஊசி தேவை என்பதை அது எனக்குச் சொல்லித்தந்தது. காது கேட்கும் கருவி இருந்தால் தியேட்டருக்குள்ளும் ஒப்பரேசன் செய்யாத பக்கக் காதில் இருக்கட்டும் என்று கேளுங்கள். சீனி வருத்தம் என்பதால் பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லுங்கள்.

முடிந்தால் அன்றே வீட்டுக்கு. தங்கவேண்டுமென்றால் அம்மாவோடு பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். புதிதாகச் சம்பளத்துக்குப் பிடித்த ஆள் அல்ல. இரவில் சின்ன வெளிச்சம், கைக்கெட்டும் தண்ணி, படுக்குமுன் சலம். நோவுக்குப் பனடோல் போதும். புலம்பத் தொடங்கினால் வாதாடவும் வேண்டாம், கட்டிலோடு கட்டவும் வேண்டாம், தூங்கவைக்க இன்னொரு நித்திரைக் குளிசையும் வேண்டாம். பெயர் சொல்லி, இடம் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தெளியும். ஏற்கெனவே மறதி உள்ளவருக்கு வாரக்கணக்கும் எடுக்கலாம், சிலர் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தட்டி எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், வாய் கோணல், ஒரு கை இயலாமை, காய்ச்சல், வலிப்பு என்றால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். கண் சிவந்து நோவு கூடிப் பார்வை மங்கினால், அல்லது தலையிடியோடு சத்தி எடுத்தால், அது கண்ணுக்குள் கிருமியாகவோ அமுக்கமாகவோ இருக்கலாம். அன்றே கண் வாட்டுக்கு. நோவைச் சொல்லத் தெரியாத முதியவர் அதைப் புலம்பலாகத்தான் சொல்வார்.

ஆகவே நிறுத்தலாமா என்ற கேள்விக்கு: நீங்கள் எழுதியது மட்டும்தான் நிலைமை என்றால், நான் நிறுத்தமாட்டேன். மறதி முற்றி, தன் வீட்டையே தெரியாத, பார்வை திரும்பினாலும் பயன்படுத்தத் தெரியாத ஒருவரென்றால் வேறு கதை. அங்கே கண் வைத்தியரோடு இருந்து ஆறுதலாகக் கதைக்கவேண்டும். இரண்டாவது கண்ணுக்கு அவசரப்பட வேண்டாம், முதல் கண்ணுக்கு என்ன மருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் என்னைப் போன்ற ஒருவருக்கு அந்த ஒரு வரி பொன்.

பெரியம்மாவையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வருடமாக மறதி கூடியிருக்கிறது என்றால் தைரொயிட், விற்றமின் பி 12, மனச்சோர்வு, போடுகிற குளிசைகள் என்று திருத்தக்கூடிய காரணங்களை ஒருவரும் இன்னும் தேடவில்லை போலிருக்கிறது. ஊசியில் பழியைப் போட்டதோடு தேடல் நின்றுவிட்டது. அவருக்கு மற்றக் கண்ணை யாராவது பார்த்தார்களா?